மாப்பிள்ளை நின்ற மைதானம்

மொழிபெயர்ப்புக்காக எனக்கு முதல் கைதட்டல் கிடைத்தது ஒன்பது வயதில், பிளானோவில் ஒரு பார்க்கின் புல்வெளி ஓரத்தில். அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அப்பா டெக்சஸுக்கு வருவதற்கு முன் சில வருஷம் மெல்போர்னில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே கெட்ட பழக்கம் ஆஸ்திரேலியக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து. கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், யார் மேல் வேண்டுமானாலும் விழலாம். எங்கள் பக்கம் வேலைக்கு வந்திருந்த ஆஸ்திரேலியர்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். ஆள் குறைந்ததால் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு, பந்து அதிகம் வராத ஒரு பின்மூலையில் நிறுத்தினார்கள். அப்பாவும் அந்த மூலையை வெகு கண்ணியமாகக் காத்துவந்தார்.

அந்த வருஷம் கோபிப் பக்கத்திலிருந்து அத்தை விசிட்டர் விசாவில் வந்திருந்தாள். அப்பாவைவிடப் பதினோரு வயது மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்ததில் அவள் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. வாய் மட்டும் நிற்கவில்லை. அவள் ஊர் திரும்ப ஒரு வாரம்தான் பாக்கி. அதற்குள், தம்பி இந்த ஊரில் நாலு பேர் நடுவில் எப்படி நிற்கிறான் என்று அக்கா ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கோச்சிடம் கெஞ்சி, அந்த ஒரே ஆட்டத்துக்கு, மைதானத்தின் நட்டநடுவில் இடம் வாங்கியிருந்தார். அம்மாவுக்கு அன்று வேலை. அப்பாவின் காரில் அத்தைக்குத் துணையாக நான் மட்டும் போனேன்.

நடு என்பது சின்ன விஷயமில்லை. நடுவர் பந்தைத் தரையில் அறைந்து மேலே எழுப்புவார். நடுவில் நிற்பவர்கள் பாய்ந்து பிடித்து முன்னால் அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்களும் பாய்ந்துதான் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பந்து எதிராளி கையில் இருந்தது. அப்பாவோ, பந்து கிளம்பிப் போன பிறகு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எங்கள் டீமின் ஆதரவாளர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கோச்சின் மனைவி தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடித்தாள்.

அத்தை எழுந்து நின்று, வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் கத்தினாள்.

“டேய் தம்பி! மாப்பிள்ளையாட்ட நிக்கறயே! யாராச்சும் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் நகருவியா?”

அந்த மைதானத்தில் அது புரிந்த ஒரே ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கொஞ்சம் ஓடவும் செய்தார்.

“உன் ஆன்ட்டி என்ன சொல்றாங்க?” என்று கோச்சின் மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள். அதுவரை அந்தக் கூட்டத்தில் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. சேலைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ் போட்டிருந்த அத்தைக்குப் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த நான், சட்டென்று முக்கியமான ஆளாகிவிட்டேன். ‘மாப்பிள்ளை’யை ‘ப்ரைட்குரூம்’ ஆக்கிச் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. எங்கள் கல்யாணங்களில் மச்சான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக எப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பார் என்று எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு லெமனேட் டின்னை எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த தடவை பந்து எழும்பியது. அப்பா தவறவிட்டார்.

“கம் ஆன், ப்ரைட்குரூம்!”

முதலில் ஒரு குரல். பிறகு ஓரம் முழுவதும் அதையே தாளம் போட்டுக் கத்தியது. எரிச்சலில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். எதிர் டீமின் நெட்டையன் ஒருவன், ஆட்டம் நின்ற நேரத்தில் அப்பாவுக்கு முன் வந்து குனிந்து, அழைத்துப் போவதுபோலக் கையை நீட்டினான். இரண்டு பக்கத்துக் கூட்டமும் சிரித்தது.

அப்பா எங்கள் பக்கம் பார்த்தார். நான் லெமனேட் குடித்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தியா கண்ணு! எதிராளிகூட வந்து மரியாதையாக் கையக் குடுக்கறான்! என்ற தம்பிக்கு இங்க இத்தன செல்வாக்கா!” அத்தை எழுந்து கூட்டத்தின் தாளத்துக்குச் சரியாகக் கைதட்டத் தொடங்கினாள். அவள் தட்டுதான் பலமாகக் கேட்டது.

அப்பா நெட்டையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவைப் பார்த்துக் கையசைத்தார். வெளியே வரச் சொல்லிக் கோச் இரண்டு தடவை சைகை காட்டியும் தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு கடைசிவரை, தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த பந்துகளின் பின்னால் எல்லாம் ஓடினார். தோற்றோம்.

கார் டோல்வேயில் ஏறியதும் அத்தை போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசினாள். “நம்ம தம்பியத்தான் நடுவுல நிறுத்தியிருக்கறாங்க. வெள்ளக்காரங்க அத்தன பேரும் அவனுக்குன்னு ஒரு பேரு வெச்சுக் கத்தறாங்க, தெரியுமா?” பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள். “அது என்ன கண்ணு, பிரை... என்னமோ? அதுக்கு என்ன அர்த்தம்? இதுலயே சொல்லீரு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சிங்கம்னு அர்த்தம்க்கா,” என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடியே.

“சிங்கமா! கேட்டீங்களா, சிங்கமாம்!” மெசேஜ் ஊருக்குப் போய்விட்டது.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு தைரியம் வந்துவிட்டது. ஐஸ்கிரீம் கேட்டேன். அப்பா இண்டிகேட்டரைப் போட்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கினார். நான் திட்டு வாங்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று நினைத்தேன். பின்சீட்டில் அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டு, என்மேல் அப்பாவுக்கு எவ்வளவு பிரியம் என்று பூரித்தபடி, அந்தக் கோனைக் கடைசித் துளிவரை நக்கித் தின்றேன்.