மாவு மில் மாமாவும் ‘நைஸ்’ என்ற சொல்லும்

என் மாமாவுக்கு ‘நைஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தது அப்பா. மாமாவின் மாவு மில்லில் பெண்கள் நாளெல்லாம் “நைஸா அரைச்சுக் குடுங்க” என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு, “எங்கடி உன் தம்பி நைஸு? வரச் சொல்லு பாப்போம்” என்று சொல்லியே அப்பா அம்மாவை அடிப்பார். மாமா வருவார். “விட்ருங்க மச்சான்” என்று கைகட்டி நிற்பார்.

பள்ளி முடித்த பிறகு பழைய ஆங்கில அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடினேன். முதலில் அதற்கு முட்டாள் என்று பொருளாம். பிறகு பயந்தாங்கொள்ளி. பிறகு எதிலும் குறை பார்க்கிற ஆள். பிறகு துல்லியம். இனிமை எல்லாம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். முதல் இரண்டையும் படித்தபோது மாமாவின் முகம்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாவதும் அவரே. மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் மறுபடி அரைப்பார். தொட்டியில் தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசினால், சாப்பிடுகிற கையோடு ஓடி வருவார். “அவனுக்கு அந்தக் கல்லுதான் பொண்டாட்டி” என்பாள் அம்மா.

உடைந்த பல்லோடு அம்மா ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். “இனி அங்க போனா பொணமாத்தான்டா போவேன்.” மாமா பின்னறையைக் காலி செய்தார்.

அப்பா வந்த மதியம் நான் வேலை தேடிப் போயிருந்தேன். அம்மா சொன்னதை எழுதுகிறேன். பின்வாசல் வழியாக இரும்புக் கம்பியோடு வந்தார். முதல் அடி அம்மாவின் தோளில் விழுந்தது. இரண்டாவதில் மண்டை பிளந்தது. முதுகைக் காட்டிச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு, மிஷின் சத்தத்தில் அம்மா கத்தியது கேட்கவில்லை. கம்பி மறுபடி ஓங்கியபோது அம்மா எட்டி, தொட்டிக்கு அடியிலிருந்த தகட்டைத் தள்ளி மூடினாள். தானியம் நின்றது. கல் அலறியது.

மாமா திரும்பினார்.

இந்த முறை மச்சான் என்று கூப்பிடவில்லை. கம்பியைப் பிடுங்கினார். அது இருந்த கையை மட்டும் அடித்தார். மணிக்கட்டு, முழங்கை, பிறகு விரல் விரலாக. அப்பா மாவிலும் ரத்தத்திலும் புரண்டு, “போதும்டா, டேய்” என்று கதறினார். மாமா குனிந்து அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் இன்னும் மடங்கியது. அதையும் அடித்தார். பிறகுதான் போய் மிஷினை நிறுத்தினார்.

மாமா சிறையில் இருக்கிறார். அப்பா இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. மில்லை அம்மா ஓட்டுகிறாள். பெண்கள் இப்போது “நல்லா அரைங்கக்கா” என்கிறார்கள். பழைய சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

போன வாரம் பார்க்கப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அம்மாவின் தலைத் தையலைப் பார்த்தபடி மாமா கேட்டார்: “கல்லு தேஞ்சிருக்குமே. கொத்தியாச்சா?”

“கொத்தியாச்சுடா. நீ சாப்பிட்டியா?”