விமானத்துக்கு வெள்ளை விளக்கு மாட்டிய நாள்

என் வீட்டுக்காரிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்த சங்கதி, நான் வேலை செய்கிற இடத்தில் விமானத்துக்கு எல்இடி விளக்கு மாற்றியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை மாசம் தெரியாமல் ஓடியிருக்குமோ.

நான் படித்து வந்தவன் இல்லை. புத்தூரில் டிராக்டருக்கும் லாரிக்கும் ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்ட வேலை. ரேணிகுண்டாப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளி ஒன்றில் ஷெட்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். ரெண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம். கதவைச் சாத்தினால் அம்பாசிடர் காரை விட நெருக்கம். ஸ்பானர் பிடிப்பது நான். "சரி" என்று கையெழுத்துப் போடுவது பலமனேர்க்கார இன்ஜினியரம்மா. அந்தக் கையெழுத்து விழாமல் அது தரையை விட்டுக் கிளம்பாது.

பொழுது சாயும்போது கடைசி டிரிப் முடித்து வருகிற விமானம் எங்கள் ஊருக்கு மேலேதான் திரும்பும். என் வீட்டுக்காரி மாட்டுக் கொட்டகையிலிருந்து அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். நான் வீடு போய்ச் சேர்ந்ததும் சேதி வரும்.

"யோவ், உன் பிளேன் போச்சு. மஞ்ச வெளக்கு போட்டுக்கினு, மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி."

ஒருமுறை, "இன்னிக்கு வெளக்கு அழுது வடியுதுய்யா, இன்னான்னு பாரு" என்றாள். மறுநாள் கழற்றிப் பார்த்தால் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போயிருந்தது. இன்ஜினியரம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரிக்கு "இன்ஸ்பெக்டரம்மா" என்று பெயர். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "ஏமய்யா, மீ இன்ஸ்பெக்டரம்மா ஏமன்னாரு?" என்பார், என்ன சொன்னாங்க என்று. அவள் சொன்னதை நான் சொல்வேன். ரெண்டு வருஷமாக இது எங்களுக்குள் நடந்துவந்த விளையாட்டு.

பழைய பல்புகளோடு பெரிய ரோதனை. இன்ஜின் அதிர்கிற அதிர்வில் உள்ளே இருக்கிற கம்பி அறுந்துவிடும். மூக்குக்குக் கீழே இருக்கிற பெரிய விளக்கு மாசத்துக்கு ஒன்று போகும். கடைசியில் எல்இடிக்கு மாற்றலாம் என்று காகிதம் வந்தது. இடது றெக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை, உச்சியில் சுற்றுகிற சிவப்பு, மூக்கில் பெரியது. எல்லாம் புதுசு.

நானும் ரொம்ப நம்பிக்கையாக மூக்கு விளக்கை மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். எரியவில்லை.

"ஏம்ப்பா, டிராக்டர் டாக்டரு," என்றார் இன்ஜினியரம்மா, "பழைய பல்புக்கு எந்த ஒயரை எதுல குடுத்தாலும் எரியும். இது அப்டி இல்ல. பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸுதான்."

"மாப்பிள்ளைய மணையில உக்கார வெக்கிற மாதிரி திசை பார்த்துத்தான் வெக்கணுமா மேடம்?"

"பேசறதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. மாத்திப் போடு."

மாற்றிப் போட்டேன். பளீரென்று அடித்தது, கறந்த பால் மாதிரி வெள்ளை. கையை வைத்துப் பார்த்தேன். பழையது என்றால் தோல் பொசுங்கியிருக்கும், இது ஜில்லென்று இருந்தது. அப்புறம் அம்மா உள்ளே உட்கார்ந்து ரேடியோவைக் காதில் மாட்டிக்கொள்ள, நான் ஒவ்வொரு விளக்காகப் போட்டு அணைத்தேன். வலது றெக்கை விளக்கைப் போட்டால் மட்டும் ரேடியோவில் வண்டு கத்துகிறது என்றார். எர்த் ஒயர் பிடிக்கிற இடத்தில் பெயிண்ட் இருந்தது. சுரண்டி இறுக்கினேன், வண்டு ஓடிப்போச்சு. அம்மா கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா."

அதற்காகவே அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பினேன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மஞ்சளைப் பார்த்துப் பழகினவள் வெள்ளையைப் பார்த்தால் கத்துவாள் என்று ஆசை. கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றுகொண்டேன்.

விமானம் வந்தது. இருட்ட ஆரம்பித்த வானத்தில் அந்த வெள்ளை விளக்கு மலை முகட்டைத் தாண்டிப் பட்டையாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. சத்தம் வந்ததும் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"தோ போய்க்கினு கீது பாரு உன் மஞ்ச வெளக்கு."

நான் சிரித்துவிட்டேன். "நல்லா பாருமே."

"பார்த்துக்கினுதான்யா கீறேன். நல்ல பழுத்த எலுமிச்சம்பழமாட்டம் கீது."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். விமானம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, அவள் அதற்கு ரொம்பப் பின்னால், வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தை. விமானம் அதைத் தாண்டிப் போய் எவ்வளவோ நேரமாச்சு.

அவள் முகத்துக்குப் பக்கவாட்டில் கையை ஆட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கிட்டே ஆட்டினேன். மாடு தலையைத் திருப்பியது, அவள் திருப்பவில்லை.

"எத்தினி நாளாமே?" என்றேன்.

"இன்னா எத்தினி நாளா?"

"இன்னிக்கு வெளக்கு வெள்ளைமே. நான்தான் மாத்தினேன்."

அவள் பால் செம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "போன ஆடிலேர்ந்து" என்றாள். "நேரா கீறது தெரியுதுய்யா. ஓரமெல்லாம் பொகையா கீது. வானத்துல தேடினா கெடைக்க மாட்டுது."

"சொல்றதுக்கு இன்னா?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சே, பார்த்த இல்ல? அடுப்பாண்ட வுடல. மாட்டாண்ட வுடல. கோணி ஒண்ணு போட்டு உக்கார வெச்சாங்க. சோறு வந்தா துன்னும், வரலன்னா கேக்காது. நான் கோணில உக்கார மாட்டேன்யா."

அந்த ஒரு வருஷத்தில் அவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டது, வாசற்படியில் பாலைக் கொட்டியது, ஊசியில் நூல் கோக்க பக்கத்து வீட்டுக்குப் போனது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான், "கண்ணு இன்னா பொடணியிலயா கீது?" என்று கேட்டிருக்கிறேன். ஜனங்கள் சொல்கிற சொலவடை, சிலேடை எதைக் கேட்டாலும் பொறுக்கி வைத்துக்கொண்டு சமயம் பார்த்து எடுத்து விடுகிறவன் நான். அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலையில் லீவு கேட்கத்தான் ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினியரம்மா வாசலிலேயே, "ஏமய்யா, இன்ஸ்பெக்டரம்மா ஏமன்னாரு?" என்றார். நான் லீவு பேப்பரை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திருப்பதியில் கண் ஆஸ்பத்திரி. காத்திருக்கிற பெஞ்சில் ஒரு பெரியவர், எங்களுக்காக இல்லை, பொதுவாகத்தான், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார். நானே எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்த வார்த்தை. அன்றைக்கு எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மெஷினில் அவள் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சின்ன வெளிச்சம் வந்து வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மெஷின் டிக் டிக் என்று மெல்லிசாகச் சத்தம் போட்டது. அவள் படபடவென்று அழுத்தினாள். அட, எல்லாம் தெரிகிறதே என்று எனக்கு உயிர் வந்தது.

"அம்மா, சத்தத்துக்கு அழுத்தாதீங்க" என்றது உள்ளே இருந்த பெண். "வெளிச்சம் தெரிஞ்சா மட்டும்."

"தெரியுதும்மா."

"இப்ப நான் வெளிச்சமே போடலம்மா."

அப்புறம் மறுபடி ஆரம்பித்தார்கள். டிக் என்றது மெஷின். பட்டன் சத்தம் வரவில்லை. டிக். வரவில்லை. டிக். அழுத்துமே, அழுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போதாவது ஒன்று அழுத்தினாள். இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போச்சு, அவங்க அம்மாவுக்கு இருந்ததும் இதாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். போனது வராது. இருக்கிறதைக் காப்பாற்ற, ஆயுசுக்கும் ராத்திரி ஒரு சொட்டு விடணும். "ஒரு வருஷம் முன்னால வந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ் நின்றது. எப்போதும் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் பிடிக்கிறவள். முன்னால்தான் போனாள். படிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்காமல், மேலே நின்ற கண்டக்டரைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அன்னா, நாக்கு கன்னு சரிகா கனபடது. மெட்டு எக்கடுந்தோ செப்பு."

கண் சரியாகத் தெரியாது, படி எங்கே சொல்லு என்கிறாள். ஒரு வருஷமாகக் கட்டின புருஷனிடம் சொல்லாததை, பெயர் தெரியாத ஆளிடம் சொல்லிவிட்டாள்.

கண்டக்டர் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தார். "ஒகட்டி... ரெண்டு... அந்தேம்மா." ஒன்று, ரெண்டு, அவ்வளவுதான் என்று.

அவள் ஏறிப் போய், இருக்கைகளின் கம்பியை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள், "எக்கண்டி, எக்கண்டி" என்று ஏறச் சொல்லி முதுகில் இடித்தார்கள். நான் சொட்டு மருந்துப் பையோடு கீழேயே நின்றிருந்தேன்.