சாயங்காலத்துக்குள் தவளை மாதிரி கத்துவான்

ஆஸ்பத்திரி டிரெஸர் வேலை என்றால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதுதான் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது அரை வேலை, மீதி அரை வேலை வாயால் செய்வது. வெள்ளைக்கார டாக்டர் தொரை இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், நோயாளி தமிழில் அழுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிய அண்ணன் தம்பிகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், “நாய் பார்க், ஆடு ப்ளீட், சேவல் க்ரோ, தவளை க்ரோக்” என்று மிருகங்கள் கத்துவதற்கான இங்கிலீஷ் சொற்களை வாத்தியார் பிரம்போடு நின்று ராகம் போட வைப்பார். இந்தக் கண்றாவியெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். ஜப்பான்காரன் சண்டை முடிந்து, மலாயாவில் கிள்ளான் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கிலீஷ்காரன் நோயாளியின் நெஞ்சுக்குள் ஒரு மிருகக் கூட்டத்தையே வைத்திருக்கிறான் என்று. அதில் ஒரு சொல்லை நம்பி ஒரு தாய் பகல் முழுக்கக் காத்திருந்தாள். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்; முதலில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குரைக்கும் பிள்ளை

ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இருமல். தொரை தலையைத் தூக்காமலேயே, பார்க் பண்ணுகிற இருமலா என்று கேட்டார். நாயின் சத்தத்தை அப்படியே எடுத்துச் சொல்லாக்கி, பிறகு அதை மனிதர் இருமலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். நான் பாட்டுக்கு, “பிள்ளை நாய் மாதிரி குரைக்குதா?” என்று கேட்டுவிட்டேன்.

அந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெறிநாய் கடித்தவர்கள் குரைத்துச் சாவார்கள் என்று தோட்டத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிள்ளையின் கை கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாவாடையை விலக்கிப் பார்த்தார், பல் பட்ட இடம் ஏதும் இருக்கிறதா என்று. நான் எவ்வளவு சொல்லியும் சமாதானமாகவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு போகும்போதும் வாசலில் நின்று கேட்டார்: “எங்க லயத்து வீடுங்கள்ல நாயே இல்லீங்களே ஐயா, பிறகு இவ எங்க போயி கடி வாங்குனா?”

காக்கையும் சேவலும்

இன்னொரு நாள் தொரை, மூச்சை இழுக்கும்போது பையன் க்ரோ பண்ணுகிறானா என்று கேட்டார். க்ரோ என்றால் காக்கை. காக்கை மாதிரியா, சேவல் மாதிரியா என்று நான் திருப்பிக் கேட்டேன். தொரைக்கு அன்று நல்ல நேரம் போலிருக்கிறது, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாம் காக்கா என்கிற மாதிரி அவர்களும் அந்தப் பறவைக்கு அதன் குரலையே பெயராக வைத்தார்களாம். சேவல் கூவுவதற்கும் அதே சத்தத்திலிருந்து வந்த சொல்தானாம். குழந்தைகளுக்குத் தொண்டை கட்டி வரும் நோயை க்ரூப் என்கிறோமே, அதுவும் அவர் பிறந்த ஸ்காட்லாந்தில் காக்கை கரகரவென்று கத்துவதற்குச் சொல்லும் வார்த்தையாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நோய்க்குப் பெயர் வைத்தவன் பெரிய படிப்பாளி என்று நினைத்திருந்தேன். அவனும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டவன்தான் போலிருக்கிறது. ஓடிப்போய்க் கிளார்க் பொன்னையாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து மனுஷர், இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர். கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “உவங்களுக்குக் காகமும் சேவலும் ஒண்டுதான் தம்பி, நீர் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?”

நெஞ்சுக்குள் பூனை

கோயிலில் பூக்கட்டும் பண்டாரம் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தொரை அவர் மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, பர் என்று ஒரு சொல் சொன்னார். பூனை மடியில் சுகமாகப் படுத்துக்கொண்டு குர்ர் குர்ர் என்று அதிரும் பாருங்கள், அதுதான். இதயத்துக் கதவு கெட்டுப்போனால் கைக்கு அப்படித் தெரியுமாம். அதற்கு மருந்து கிடையாது என்பது தொரையின் முகத்திலேயே தெரிந்தது.

பண்டாரம் என்னை விடவில்லை. உள்ளதைச் சொல் என்றார். உங்கள் நெஞ்சில் பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கிறது, கஷ்டப்பட்டு வேலை செய்யக்கூடாது என்றேன். தன் கையையே மார்பில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர்தான் என்னைத் தேற்றினார்: “பூனைதானே ஐயா, புலி இல்லையே, இருந்துட்டுப் போகட்டும்.”

தவளை

அஞ்சலை காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள். அவள் மகன் மாரிக்குத் தொண்டை அடைப்பான். தொற்று நோய் என்று கோடி அறையில் படுக்க வைத்தோம். “சத்தமே வரலீங்க, அழுதாக்கூட வாய் மட்டும்தான் அசையுது” என்றாள். தொரை ஊசி போட்டார். ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தலையை ஆட்டினார். பிறகு நர்ஸம்மா பக்கம் திரும்பி, சாயங்காலத்துக்குள் க்ரோக் பண்ணிவிடுவான் என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

அஞ்சலை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “தொரை என்னங்க சொல்றாரு? ஏதோ க்ரோக்குன்னாரே?”

பள்ளிக்கூட ராகம் நாக்கில் தயாராக இருந்தது. “சாயங்காலத்துக்குள்ள தவளை மாதிரி கத்துவானாம்மா” என்றேன்.

“கத்தட்டும் சாமி, தவளை மாதிரி கத்துனாக்கூடப் போதும்” என்று தொரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தொரை ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டுப் போனார்.

இதைப் பொன்னையாவிடம் சொன்னேன். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றினார். “க்ரோக் எண்டால் செத்துப்போறது எண்டும் ஒரு கருத்து இருக்கு தம்பி. பட்டாளத்துப் பேச்சு. துரை சண்டைக்குப் போய் வந்தவரெல்லே.” சாகிறவன் தொண்டையில் இழுக்கும் சத்தத்துக்குத் தவளையின் சொல்லைக் கொடுத்து, பிறகு சாவுக்கே அதைப் பெயராக்கிவிட்டார்களாம். அடப்பாவிகளா!

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அந்த அறைக்குப் போனேன். அஞ்சலை பிள்ளையை மார்பில் சாய்த்து உட்கார வைத்து, வாயில் கோழையைத் துணியால் வழித்துவிட்டு, அவன் உதட்டுப் பக்கம் காதை வைத்திருந்தாள். “இன்னும் கத்தலீங்க. பொழுது இருக்குல்ல?” என்றாள். “இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வேறென்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சாக்கடையிலும் புல்வெளியிலும் தவளைகள் ஒன்றுசேர்ந்து ஆரம்பித்தன. அஞ்சலை என்னைக் கூப்பிட்டு, “ஜன்னலைச் சாத்துங்க ஐயா, இதுங்க போடற கூச்சல்ல எம்புள்ள சத்தம் கேக்காமப் போயிடும்” என்றாள். சாத்தினேன். மருந்தறைக்கு வந்து உட்கார்ந்தவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

விளக்கேற்றும் நேரத்தில் அவள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “ஐயா, க்ரோக் பண்ணிட்டான்! தொரை சொன்ன மாதிரியே க்ரோக் பண்ணிட்டான்!”

போய்விட்டான் என்றே நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது சிரிப்பு என்று விளங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாரி நர்ஸம்மாவின் கையில் இருந்துகொண்டு, “ம்மா” என்று கரகரத்தான். நிஜமாகவே தவளைக் குரல். அன்று நான் அழுததை மறைக்கவில்லை, நர்ஸம்மாவும்தான் அழுதாள்.

காப்பாற்றியது ஊசிதான், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலையில் தொரை வந்தபோது அஞ்சலை அவர் காலில் விழுந்துவிட்டாள். இவள் எதற்கு நன்றி சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. பிறகு குனிந்து பிள்ளையின் தொண்டையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அஞ்சலை என்னைக் கேட்கவில்லை. அவளே எனக்குச் சொன்னாள்: “பெரிய மனுஷன் வாக்கு குடுத்தா குடுத்ததுதான், பாத்தீங்களா ஐயா?”

நான் செய்த மொழிபெயர்ப்புகளில் தப்பாய்ப் போனது அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன்; தப்பாய்ப் போய்ப் பலித்தது அது ஒன்றுதான்.