டக்டக் வண்டி பிறந்த வீடு

குழந்தைகள் தள்ளிக்கொண்டு ஓடும் டக்டக் வண்டி இன்று எல்லாக் கடையிலும் தொங்குகிறது. முதல் வண்டி விளையாடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் ஒருத்தி, தன் மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்யப்பட்டது.

அவளுக்குக் கண் தெரியாது. பிரம்பு பின்ன விரல் போதும். ஒன்றரை வயது வாலைக் கட்டி மேய்க்க அது போதவில்லை. வாசற்படி இறங்கினால் லாரித் தெரு. மகளோ கூப்பிட்டால் குரல் கொடுக்காத அழுத்தக்காரி. காலில் மணி கட்டினால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள்.

தச்சுப் பட்டறையில் வேலை பார்த்த கணவன் கழிவுக்கட்டையில் இரண்டு சக்கரம் கடைந்து, நீளக் கம்பு மாட்டி, அச்சில் நாலு பல்லும் மேலே ஒரு மரச்சில்லும் வைத்துக் கொண்டுவந்தான். தள்ளினால் டக், டக், டக். ஒரு பல் உடைந்திருந்ததால் நாலாவது தட்டு விழாது.

"வேற பல்லு வெச்சுத் தரட்டுமா?"

"தொடாதீங்க. இந்த நொண்டிச் சத்தந்தான் என் பொண்ணு."

எட்டு மாதம் நிம்மதியாகப் பின்னினாள். சத்தம் வாசலுக்குப் போனால், "ஏய், படி இறங்கினே, தோலை உரிச்சிடுவேன்!" எதிர்வீட்டுத் தையல்காரி சிரிப்பாள். "கண்ணிருந்தும் என் பையன் எனக்கு டிமிக்கி குடுக்கறான், அக்கா!"

பின்னிய நாற்காலிகளை எடுக்க வந்த பட்டறை முதலாளி வண்டியைப் பார்த்தார். அடுத்த வாரமே பட்டறையில் நூறு வண்டி.

"அதுலயெல்லாம் அந்த நாலாவது பல்லையாவது வெச்சிடலாம்னு சொன்னேன்," என்றான் கணவன். "நொண்டிதான் குழந்தைங்களுக்குப் பிடிக்குதாம். கேக்க மாட்டேங்கறாரு."

அவள் விரல்கள் நின்றன. "நம்ம தெருவுல எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?"

அவன் இழுத்தான். "எல்லாருந்தான்."

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மதியம் வாசலில் கேட்ட டக் டக் டக், தெருப் பக்கம் நகர்ந்தது. பாய்ந்து பிடித்தாள். கையில் சிக்கியது ஒரு மொட்டைத் தலை. தையல்காரியின் பையன். இடப்பக்கம் ஒரு வண்டி, வலப்பக்கம் இரண்டு. எல்லாம் ஒரே மாதிரி நொண்டின.

"எல்லாரும் நில்லுங்க!" என்று கத்தினாள். நின்றுவிட்டார்கள். இப்போது எதுவுமே கேட்கவில்லை. எங்கோ ஒரு லாரி உறுமியது. கையை நீட்டியபடி நின்றாள். எந்தப் பக்கம் அடி வைப்பது?

மகளைத் தையல்காரிதான் தூக்கிவந்தாள். "லாரிச் சக்கரத்துக்குப் பின்னாடி உக்காந்திருந்தா அக்கா. டிரைவர் பாத்துட்டாரு."

சாயங்காலம் கணவன் சொன்னான்: "நம்ம வண்டிக்கு மட்டும் ஒரு மணி கட்டிடறேன்."

"உங்க முதலாளி காதுல விழட்டும், அடுத்த வாரம் தெருவே மணியடிக்கும்." சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

மறுநாள் கதவைத் தாழிட்டுவிட்டுப் பின்ன உட்கார்ந்தாள். வெளியே வண்டிகள் ஓடின. மகள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"அம்மா, தெற!"

"இருடி தங்கம்," என்றாள். எதுவரைக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.