பஸ்ரியாம்பிள்ளை குடித்துப் பார்த்த கிணறுகள்

என் அக்கா ஜசிந்தாவின் புருஷன் பஸ்ரியாம்பிள்ளை, ஊர்காவற்துறை மேசன். தீவுப்பகுதியில் பதினேழு கத்தோலிக்கக் கோயில்கள் கட்டிய கூட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். என் அத்தான் என்பதால் பெருமையடிக்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். அடிக்கத்தான் போகிறேன்.

1956இல் நெடுந்தீவுக்கு ஏதோ மதில் வேலைக்குப் போனவர், கடற்கரைச் சனம் ஓலைக் கொட்டிலுக்குள் பூசை காண்பதைப் பார்த்தார். சோளகக் காற்று வருஷா வருஷம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகுமாம். திரும்பி வந்ததும் கூட வேலை செய்கிற யாக்கோப்பையும் இன்னும் மூன்று மேசன்மாரையும் பிடித்தார். மாதத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும், தீவுகளில் கோயில் வேலை. கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். "உங்களுக்கு விசர்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே சோறும் கட்டிக் கொடுத்தாள். சமைத்துப் போட நானும் வள்ளம் ஏறினேன்.

கொட்டிலுக்குப் பக்கத்துக் கிணறு உவர். நல்ல தண்ணீர் இரண்டு மைல் தள்ளி இருந்தது. பெண்கள் குடத்தோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று இரங்கி, உவர்த் தண்ணீரிலேயே சாந்து குழைத்தார் அத்தான். "கல்லுக்கு என்ன, நாக்கா இருக்கு?" என்று பகிடி வேறு.

இருந்திருக்கிறது. மாரி முடிந்ததும் சுவரெல்லாம் உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. ஓடு போடுவது மட்டும்தான் மிச்சம். திருநாளன்று கோயிலை மந்திரித்துத் திறந்து வைக்கப் பங்குச் சுவாமி வருவதாக நாளும் குறித்தாயிற்று.

"வெள்ளையை அடிச்சு விடுவம் அண்ணை" என்றார் யாக்கோப்பு. "சுவாமி மந்திரிச்சிட்டுப் போகட்டும். பிறகு பாப்பம்."

அத்தான் அன்று சாப்பிடவில்லை. முதல் கோயிலே பிழையாய்ப் போனது என்று தெரிந்தால் இனி எந்த ஊர் கூப்பிடும்? கூட்டம் அதோடு சரி. மறைப்பானேன், எனக்கும் யாக்கோப்பு சொன்னதுதான் சரியாகப் பட்டது.

ஞாயிறு செபம் முடிந்ததும் அத்தான் எழும்பி நின்றார். "உவர்த் தண்ணியிலை கட்டிப்போட்டன். பிழை என்ரை. இடிக்கப்போறன்." சொன்ன கையோடு அலவாங்கைத் தூக்கினார். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

கருவாடு விற்கிற மதலேனம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நடக்க ஏலாதெண்டு நாங்கள் சொன்னனாங்களோ? எங்களை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?" திட்டிக்கொண்டே இரண்டு மைல் நடக்கக் குடத்தை எடுத்தாள். மற்றப் பெண்களும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அந்த வருஷத் திருநாள் ஓலைக் கொட்டிலில்தான் நடந்தது. அடுத்த வருஷம் நல்ல தண்ணீரில் சுவர் எழும்பியது.

ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தோமே, அனலைதீவிலிருந்து ஆள் வந்து, "தன்ரை சுவரைத் தானே இடிச்ச மேசன் ஆர்?" என்று விசாரித்தது. பிறகு எழுவைதீவு, புங்குடுதீவு. ஐந்து மேசன்மார் முப்பது பேரானார்கள். ஒரு வழக்கமும் வந்தது. அத்திவாரம் வெட்டுமுன், அந்த இடத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊரார் முன்னால் அத்தான் ஒரு கிளாஸ் குடிப்பார். அவர் தலையாட்டினால்தான் மண்வெட்டி இறங்கும்.

1981இல் அல்லைப்பிட்டியில் பதினேழாவது. காய்ச்சலில் கிடந்து எழும்பிய அத்தானுக்கு நாக்கில் ருசி போய்விட்டிருந்தது. அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சுவாமி வந்துவிட்டார், கல் லொறி வந்துவிட்டது, ஊரே கூடி நின்றது. சும்மா தலையை ஆட்டிவிட்டால் போதும்.

அத்தான் குடித்தார். தலையாட்டவில்லை. "எனக்கு நாக்குச் செத்துப்போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கிளாஸை யாக்கோப்பிடம் நீட்டினார்.

யாக்கோப்பு ஒரு மிடறு குடித்தார். சுவாமியைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். பிறகு துப்பினார்.

"உவர். ஏலாது, அண்ணை. வேறை கிணறு பாப்பம்."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். பதினேழு கோயில்களில் எதைப் பார்த்தும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.