கதவில் ஏறி அக்கரைக்கு

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சுவரக்கா’ என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனத்தில் டெஸ்டர். கேமுக்குள் இருக்கும் மலை, மதில், வேலி எல்லாவற்றையும் உரசி நடந்து, ஆள் நுழையக்கூடாத இடத்தில் நுழைய வழி இருக்கிறதா என்று தேடுவது வேலை. பேருந்து ஓட்டும் கணவர், “நாள் முழுக்க சுவத்துல முட்டிக்கிட்டு சம்பளம் வாங்குறவ நீ ஒருத்திதான்” என்பார். பதினோரு வருடத்துக்கு முன் தட்டச்சு வேலைக்கு வந்தவள். அடுத்தவர்களின் பிழை அறிக்கைகளைத் தட்டித் தட்டியே பிழை பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

அறிக்கையில் மூன்று கட்டங்கள்: செய்தது, நடந்தது, நடந்திருக்க வேண்டியது. மூன்றாவதில் அவள் எப்போதும் எழுதுவது, ‘நுழைய முடியக் கூடாது.’ போன கேமில் சந்தைக் கூரைமேல் ஏற ஒரு வழி கண்டு அப்படித்தான் எழுதினாள். மறுநாளே அடைத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தச் சந்தைப் பக்கம் போக அவளுக்கே மனம் வரவில்லை.

இந்தக் கேமில் ஓர் ஆறு. பன்னிரண்டு வேலைகளை முடித்தால்தான் படகுக்காரன் அக்கரை சேர்ப்பான். ஒரு செவ்வாய்க்கிழமை, தச்சன் வீட்டில் கழற்றிய கதவைச் சும்மா தண்ணீரில் போட்டாள். மிதந்தது. ஏறிப் படுத்தாள். நீரோட்டம் சுற்றிச் சுழற்றி அக்கரையில் ஒதுக்கியது. ஒரு வேலையும் முடிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வழக்கம்போல எழுதினால் நாளைக்கே கதவு கல்லாய் மூழ்கும். எழுதாமல் விடவும் முடியாது. கண்ட ஓட்டையை மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

நான்கு நாள் அக்கரையிலேயே திரிந்தாள். விடுதிக்காரி, படகுப் பயணம் எப்படி என்று விசாரித்தாள். பன்னிரண்டு வேலைகளில் ஒன்று, படகுக்காரனின் மகளுக்குக் கடிதம் சேர்ப்பது; அவளோ, கைக்கே வராத அந்தக் கடிதத்துக்கு நன்றி சொன்னாள். இப்படி இடறியதையெல்லாம் தனித்தனியாக எழுதியதில் நாற்பத்து மூன்று அறிக்கைகள். முதல் அறிக்கையில், கதவில் கடந்ததை ஒளிக்காமல் எழுதி, மூன்றாவது கட்டத்தில், ‘ஆடுபவன் எப்படி வந்தான் என்று அக்கரை ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று போட்டாள்.

பன்னிரண்டு வேலைகளையும் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய டிசைனர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“ஒரு ஓட்டைக்கு நாப்பத்து மூணு ரிப்போர்ட்டாக்கா? அடைச்சா அஞ்சு நிமிஷ வேலை.”

“அடைங்க சார். ஆனா கதவைக் கழட்டலாம்னு வெச்சது நீங்க. மரம் மிதக்கும்னு வெச்சதும் நீங்க. அதை நம்பித்தான் ஏறினேன். இப்ப முழுக அடிச்சா, அடுத்து எதை நம்பித் தொடுறது?”

“அப்ப நான் எழுதினதை எவன் பாப்பான்?”

“நான் பாத்தேனே. அந்தப் பொண்ணு எதுக்கு நன்றி சொன்னான்னு புரியல. திரும்பி வந்து படகுக்காரனைத் தேடிப் பிடிச்சு, பன்னிரண்டையும் செஞ்சேன்.”

அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு முறை கவிழ்ந்து மூழ்கினார். மூன்றாம் முறை கரை சேர்ந்து, விடுதிக்காரி பேசியதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. கதவு இருக்கட்டும், முப்பதைச் சரி செய்யலாம், மிச்சத்துக்கு நேரமில்லை என்றார். கரை இரண்டையும் முதலிலிருந்து சோதிக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டினார்.

திங்கள் காலை ஆற்றின் மேல்கோடியில் ஆரம்பித்தாள். மதியத்துக்குள், சாப்பாட்டு மேசையும் மிதக்கிறது என்று தெரிந்தது.