எஃப் 1 என்று ஒரு சீட்டு

அவள் தையல்காரி. ஆனால் தெருவில் பூச்சியக்கா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கடைக்குப் பின்னறையில் கொசுவலைத் துணியில் அவளே தைத்த கூண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்பு, இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அகலத்தில் ஒரு பழுப்பு அந்துப்பூச்சி கடைச் சுவரில் உட்கார்ந்து முட்டையிட்டது. காட்டிலிருந்து வந்த அந்தத் தாயின் பிள்ளைகளுக்கு 'எஃப் 1' என்று சீட்டு எழுதினாள். அவை அண்ணன் தங்கைக்குள் சேர்ந்து பெற்றவை 'எஃப் 2'. அப்படியே ஏறி இப்போது ஏழு. எண் ஏற ஏற முட்டைகள் குழி விழுந்து காய்ந்தன. பொரிந்து வந்த புழுக்களும் இலையைக் கடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு விழுந்தன. ஏழில் மிஞ்சியது ஒரே ஒரு ஆண், அதுவும் இன்னும் கூட்டுப்புழுவாக. தாய் வந்த காட்டுத் தோப்பையும் அதற்குள் வெட்டிச் சாய்த்திருந்தார்கள்.

"சொந்தத்துக்குள்ளயே எத்தன தடவ கட்டிவைப்ப? வெளியில பொண்ணு பாரு," என்றார் கணவர். கிண்டல்தான். ஆனால் அவர் சொன்னது சரி.

விசாரித்து அலைந்ததில் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் ஒரு கூட்டுப்புழு கொடுத்தார். சீட்டில் 'எஃப் 1'. புது ரத்தம்! அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். பத்து நாளில் அதிலிருந்து பெண் பூச்சி வெளிவந்தது. அதே நாளில் அவளுடைய ஆணும் கூட்டை உடைத்தது. இந்தப் பூச்சிகளுக்குத் தின்ன வாயே கிடையாது. ஒரு வாரம்தான் ஆயுசு. தன் ஆணைக் கூண்டுக்குள் விட்டாள்.

பெண்ணின் வாசனைக்கு ஆண்கள் எங்கிருந்தெல்லாமோ பறந்து வரும். மறுநாள் விடியும் நேரத்தில் ஜன்னல் வலையில் படபடவென்று சத்தம். ஒரு காட்டு ஆண் றெக்கை கிழிய மோதிக்கொண்டிருந்தது. அதை உள்ளே விட அவளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. ஆனால் ஏழு தலைமுறை வளர்த்த வம்சம் தன்னிடமிருக்கும் ஒற்றை ஆணோடு முடிந்துபோய்விடுமே!

"போடா ராசா, இங்க மாப்பிள்ளை முடிவாயிடுச்சு," என்று சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.

முட்டைகள் நூற்றுநாற்பது. பத்தாம் நாள் ஒன்றுவிடாமல் குழி விழுந்தன. பண்ணைக்காரருக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் முட்டையாக வாங்கியதாம். வாத்தியாருக்குப் போட்டாள்.

"நீங்க குடுத்ததோட பிள்ளைங்கதானேக்கா! உங்க வீட்டுக்கு இது முதல் தலைமுறை, ஒன்னுன்னே போட்டுக்கோங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவருக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தேன்."

சொன்னாள்தான். ஐந்தாம் தலைமுறையில் மிஞ்சியவற்றை அவருக்குக் கொடுத்தபோது, 'எஃப் 5' என்று உண்மையை எழுதினால், கழித்துப் போட்டதைத் தலையில் கட்டிவிட்டதாக நினைப்பாரோ என்று ஒரு வீண் கூச்சம். இப்போது அந்தப் பொய் பஸ் ஏறித் தன் வீட்டுக்கே மருமகளாக வந்திருக்கிறது.

எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தாள். வலையையும் பிய்த்துப் போட்டாள். வாசனை காட்டி அழைக்கத்தான் கூண்டில் பெண் இல்லை. அது செத்து நாலு நாள் ஆகியிருந்தது.